பொடக்காணியில் கழற்றிய சட்டை

பவானிப் பாலத்துக்கு இக்கட்டால,
மலையேறும் பஸ்கள் கடைசியாக நின்று
டீ குடிக்கும் இடத்தில் என் கடை.
நீலகிரித் தைலம், எலுமிச்சம்புல், கிராம்பு,
போன வருஷத்திலிருந்து தேயிலை மர எண்ணெய்,
சுவரில் சொருகினால் புகைவிடும் சின்னக் குடுவைகள்.
பதினெட்டு வருஷம்.
என் மூக்குக்கு இப்போது எதுவும் மணப்பதில்லை.
பஸ்ஸில் பக்கத்து ஆள் ஜன்னலைத் தள்ளும்போதுதான்
நான் மணக்கிறேன் என்று தெரியும்.

மௌனிகா ஓசூருக்கு வேலைக்குப் போகையில்
கூண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.
காக்டெய்ல். பேர் சோளம்.
மஞ்சள் தலை, கன்னத்தில் செங்கல் நிறப் பொட்டு.
குக்கர் விசில் அதற்கு அத்துபடி.
வசந்தாமணி எத்தனை முறை ஏமாந்து
அடுப்பை அணைக்கப் போயிருக்கிறாள்.

ஐப்பசி அடைமழை. எனக்குச் சளி.
ஜன்னலெல்லாம் சாத்தி
கடைக் குடுவை ஒன்றைக் கூடத்தில் சொருகினேன்.
ஆறு சொட்டு.
நாலு போதும் என்று அட்டையில் நானேதான் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

விடியக்காலை
சோளம் கூண்டின் தரையில் இருந்தது.
பந்து போல உப்பி,
ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்க,
கொண்டையை மட்டும் எனக்காகக் கொஞ்சம் தூக்கி.

கவுண்டம்பாளையத்தில் பறவை பார்க்கும் டாக்டரம்மா
கூண்டைத் திறக்கும் முன்னே
என்னைத்தான் முகர்ந்தார்.
"என்ன தொழிலுங்க உங்களுக்கு?"
சொன்னேன்.
"மனுசனுக்கு மூச்சு நெஞ்சோட நிக்குதுங்க.
இதுக்கு எலும்புக்குள்ள வரைக்கும் போகும்.
உங்களுக்கு வாசம். இதுக்கு அது வெள்ளம்."

எலும்புக்குள்.
திரும்பி வரும் வழியெல்லாம்
அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு ராத்திரி ஆக்ஸிஜன் பெட்டியில் அது.
வீட்டில் நான்,
திரைச்சீலை, மெத்தை உறை, மிதியடி என்று
அலசி அலசிக் காயப்போட்டபடி, மழையில்.

இப்போது வீட்டுக்குள் தைலம் வருவதில்லை.
நானே முழுசாய் வருவதில்லை.
பொடக்காணிக் கதவு வழியாக நுழைந்து
சட்டையை அங்கேயே கழற்றிக் கொடியில் எறிந்து
முழங்கை வரை இரண்டு தரம் சோப்புப் போட்டு
அப்புறம்தான் "சோளம்" என்று கூப்பிடுவேன்.
ஒறம்பரை வந்தால் அவர்கள் கைப்பையையும்
பார்க்க வேண்டியிருக்கிறது.
மச்சினர் வலிக்கு உருட்டும் சீசாவை எடுத்த அன்று
வசந்தாமணி போட்ட சத்தத்தில்
அவர் தெருவில் நின்றுதான் தேய்த்துக்கொண்டார்.

கடையில் பில் போடும் முன் கேட்கிறேன்:
"வீட்டுல பறவை ஏதாச்சும் வளத்தறீங்களா?"
காரமடைக்காரர் ஒருவர், லவ் பேர்ட்ஸ் பதினாறாம்,
பேனுக்குத் தண்ணீரில் இரண்டு சொட்டு விடலாமென்று
யாரோ சொன்னார்களாம்.
கையிலிருந்த சீசாவை நானே வாங்கி அலமாரியில் வைத்தேன்.
"விக்கறவன் பேசற பேச்சா இது" என்று
பக்கத்துக் கடை பழனியப்பன் சிரித்தார்.
சிரிக்கட்டும்.
அன்றைக்கு வியாபாரம் நானூற்று இருபது ரூபாய் குறைவு.

மார்கழியில் மறுபடி சளி.
வெந்நீர்ச் சட்டி, ஒரு துண்டு, என் தைலம் இரண்டு சொட்டு,
எல்லாம் எடுத்துக்கொண்டு பொடக்காணிக்குப் போனேன்.
கதவைச் சாத்தி, அடியிடுக்கில் சாக்கை அடைத்து,
வெளிப்பனியில் குந்தி ஆவி பிடித்தேன்.
எங்கேயோ நாய் குரைத்தது.
துண்டுக்குள் கண்ணைக் கரித்தது;
பதினெட்டு வருஷத்தில் மறந்துபோன காரம்.
இத்தனை காரமா விற்கிறேன்?

அப்போது உள்ளேயிருந்து விசில்.
நாற்பது நாளாய்க் காணாத விசில்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதற்கு வசந்தாமணியின் கொலுசு
அடுப்படிப் பக்கம் ஓடியது.
அடுப்பில் ஒன்றும் இல்லை என்று
அவளுக்கும் தெரியும்.